நோயுற்றவரின் கையில் குறிப்பேடு

இருமுனைக் கோளாறு என்று இன்று வழங்கப்படும் நோய், மனிதரின் மனநிலையை இரண்டு எதிரெதிர்த் திசைகளில் அளவு கடந்து இழுத்துச் செல்வதாகும். ஒரு காலத்தில் உறக்கமே வேண்டாத ஊக்கமும், தடுத்து நிறுத்த முடியாத பேச்சும், பின்விளைவை எண்ணாத செலவும் துணிவும் கூடிய எழுச்சி நிலையாக அது தோன்றுகிறது. மருத்துவர்கள் இதனை மேனியா என்பர். வேறொரு காலத்தில், படுக்கையை விட்டு எழவும் மனமற்றுப்போகும் ஆழ்ந்த சோர்வாக அது கவிகிறது. இவ்விரண்டுக்கும் இடையே மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீளக்கூடிய தெளிந்த காலங்கள் உண்டு. அக்காலங்களில் அவர் அலுவலகம் செல்கிறார், பிள்ளை வளர்க்கிறார், நூல் எழுதுகிறார், தமக்கு முன்பு நேர்ந்ததைத் துல்லியமாக நினைவுகூரவும் செய்கிறார். தனக்குள் நிகழ்ந்திருக்கும் மாற்றத்தை நோயென்று கண்டுகொள்ளும் திறனை மனநல மருத்துவம் நோயுணர்வு என்று குறிக்கிறது. இந்த நோயில் அத்திறன் நிலையாக இருப்பதுமில்லை, ஒரேயடியாக அழிந்துவிடுவதுமில்லை; மனநிலையோடு சேர்ந்தே அதுவும் ஏறி இறங்குகிறது. சோர்வில் இருப்பவர் தம் குறைகளை உள்ளதற்கு மேலாகக் கண்டு வருந்துவார். எழுச்சியில் இருப்பவரோ வாழ்நாளில் முதன்முறையாக நலமடைந்துவிட்டதாகவே உணர்வார். ஆகவே, தெளிந்த காலத்தில் ஈட்டிய அறிவைத் தெளிவு கலையும் காலத்துக்கு எவ்வாறு கொண்டுசெல்வது என்ற கேள்வியே இந்நோயோடு வாழ்ந்தோரின் வரலாற்றில் தலையாயதாக இருந்துவந்திருக்கிறது. அதற்கு அவர்கள் கண்ட விடைகள் மருத்துவ நூல்களில் இடம்பெற நீண்ட காலம் ஆயிற்று.

பொது ஊழியின் தொடக்க நூற்றாண்டுகளில் வாழ்ந்த கப்படோக்கியா நாட்டு அரேட்டியஸ் என்னும் கிரேக்க மருத்துவர், களிவெறியும் துயரமும் ஒரே மனிதரிடம் மாறிமாறித் தோன்றுவதை முன்னரே எழுதி வைத்திருந்தார். ஆயினும் இடைப்பட்ட தெளிவுக்குப் பொருள் கொடுத்ததில் மருத்துவத்தை விடச் சட்டம் முந்திக்கொண்டது. பித்துப் பிடித்தவர் எனக் கருதப்பட்ட ஒருவர் தெளிந்திருக்கும் இடைவேளையில் எழுதிய உயில் செல்லும் என்பது ஆங்கிலேயச் சட்ட மரபில் பழமையானதொரு கொள்கை. சொத்து யாரைச் சேரும் என்னும் வழக்கைத் தீர்ப்பதற்காகவே இக்கொள்கை வளர்ந்தது என்றாலும், அறிவு போனவருக்கு அது மீண்டு வரும் என்பதையும், மீண்டிருக்கும்போது அவர் சொல் பிறர் சொல்லைப் போலவே செல்லும் என்பதையும் நீதிமன்றங்கள் அதன் வழியே ஒப்புக்கொண்டிருந்தன.

மருத்துவம் இன்னும் பெயரிடாத காலத்தில் ஒரு குடும்பம் இந்த அறிவை எப்படிக் கையாண்டது என்பதற்கு, லண்டனில் வாழ்ந்த மேரி லேம், சார்லஸ் லேம் என்னும் உடன்பிறப்புகளின் வாழ்க்கை சான்று தருகிறது. 1764-இல் பிறந்த மேரி, முடங்கிப்போன தாயையும் தளர்ந்த தந்தையையும் பேணிக்கொண்டு, தையல் வேலையால் வீட்டுச் செலவுக்கும் ஈடுகொடுத்து வந்தார். 1796 செப்டம்பர் 22 அன்று, நோயின் உச்சத்தில், அவர் கையிலிருந்த கத்தியால் தாய் உயிரிழந்தார். விசாரணைக் குழு அதனைப் பித்து நிலையில் நேர்ந்த செயல் என்று முடிவு செய்தது. அப்போது 21 வயதே நிரம்பியிருந்த தம்பி சார்லஸ், தமக்கையை வாழ்நாள் முழுதும் தாமே பார்த்துக்கொள்வதாகப் பொறுப்பேற்றார். நோய் அதன் பின்னும் பலமுறை திரும்பி வந்தது. இறந்துபோன ஒருவருக்கு நூற்றாண்டுகள் கழித்து நோய்ப்பெயர் சூட்டுவது உறுதியற்ற வேலை என்றாலும், எழுச்சியும் சோர்வும் தெளிவும் சுழன்று வந்த அவருடைய வாழ்க்கையைப் பிற்கால ஆய்வாளர் பலர் இருமுனைக் கோளாறாகவே வாசித்திருக்கின்றனர்.

சார்லஸின் நண்பர் தாமஸ் நூன் டால்ஃபர்ட், மேரி மறைந்ததற்கு மறு ஆண்டு, 1848-இல் வெளியிட்ட நினைவு நூலில் தரும் செய்திகள் மிகுந்த கவனத்துக்குரியவை. இருப்புக் கொள்ளாமை, லேசான உடற்சூடு, உறக்கமின்மை ஆகிய மூன்றும் தோன்றும்போதே நோய் வரப்போகிறது என்பதை மேரி நன்கு அறிந்திருந்தார் என்றும், தம்பி செய்ய வேண்டிய கடமைக்கு அவரை மெல்ல ஆயத்தப்படுத்தினார் என்றும் அந்நூல் கூறுகிறது. ஹாக்ஸ்டன் பகுதியின் வயல்வெளிப் பாதையில் இருவரும் அழுதபடி காப்பகத்தை நோக்கி நடந்து சென்றதை நண்பர் ஒருவர் எதிர்ப்பட்டுக் கண்டிருக்கிறார். வெளியூர்ப் பயணங்களுக்குப் புறப்படும்போது, கைகளை அசையவொட்டாமல் கட்டும் சட்டையை மேரி தம் பெட்டியில் தாமே எடுத்து வைத்துக்கொள்வாராம். முன்னறிகுறியை இனங்காணுதல், அதனை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் உடனே சொல்லுதல், முன்பே பேசி வைத்தபடி இருவரும் நடத்தல் ஆகிய மூன்றையும் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மனநல நிலையங்கள் பயிற்சியாக வகுத்துக் கொடுத்தன. அவை மூன்றும் அந்த வீட்டில் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தன. இந்திய ஆங்கிலப் பாடநூல்கள் வழியாகத் தமிழ் மாணவர் பல தலைமுறைகளாக அறிந்த, ஷேக்ஸ்பியர் நாடகங்களின் கதைச்சுருக்க நூல் 1807-இல் வெளிவந்தபோது, அதிலுள்ள 20 கதைகளில் 14-ஐ எழுதியவர் மேரியே. நூலின் முகப்பிலோ தம்பியின் பெயர் மட்டுமே இருந்தது. நோய் விட்டு வைத்த காலத்தில் அந்தப் பெண்மணி எவ்வளவு செய்து முடித்தார் என்பதை எடுத்துரைக்காமல், அவருடைய பெயரை 1796-இன் ஒரு நாளோடு மட்டும் பிணைத்துப் பேசுவது பெரும் அநீதியாகும்.

நோய்க்கு மருத்துவ வடிவம் கிடைத்தது பாரிஸ் நகரில். 1854-இல் ழூல் பையார்ழே என்பவரும் ழான் பியேர் ஃபால்ரே என்பவரும் சில நாள் இடைவெளியில், எழுச்சியும் சோர்வும் ஒரே நோயின் இரு தோற்றங்கள் என்று தனித்தனியே விளக்கி, யார் முந்தியவர் என்று பூசலிட்டுக்கொண்டனர். அப்பூசல் இன்று முக்கியமன்று. ஃபால்ரே தாம் சுழல்பித்து என்று பெயரிட்ட நோயின் வட்டத்தில் எழுச்சி, சோர்வு ஆகிய இரண்டோடு இடைப்பட்ட தெளிந்த காலத்தையும் ஓர் உறுப்பாகச் சேர்த்தார் என்பதுதான் கவனிக்கத்தக்கது. அவ்வாறு சேர்த்ததால், நலமாக இருக்கும் நாட்களும் மருத்துவர் நோக்க வேண்டிய நாட்களாயின.

ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பெலின் அந்த நோக்கை ஒரு முறையாக்கினார். நோயின் பெயரை அறிய ஒரு நாளைய தோற்றத்தைப் பார்த்தால் போதாது, அது ஆண்டுக்கணக்கில் சென்ற வழியையும் முடிந்த விதத்தையும் பார்க்க வேண்டும் என்று கருதிய அவர், ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்து அதில் நோயின் போக்கைச் சுருக்கமாக எழுதி, அட்டைகளை அடுக்கியும் கலைத்தும் ஒப்பிட்டார். ஹைடல்பர்க் நகரில் பணியாற்றிய காலத்தில், 1899-இல் வெளிவந்த தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில், சுழன்று வரும் மனநிலை நோய்களை எழுச்சிச்சோர்வுப் பித்து என்ற ஒரே தலைப்பின்கீழ் அவர் தொகுத்தது இந்த அட்டைகளின் பயன். அவற்றில் நோயாளியின் சொந்த விளக்கத்துக்கு இருந்த இடம் சிறிது. 1886 முதல் 1891 வரை, இன்று எஸ்டோனியாவில் உள்ள டோர்பாட் நகரில் பேராசிரியராக இருந்தபோது, அவருடைய நோயாளிகள் பலரின் மொழி அவருக்குத் தெரியாமல் மொழிபெயர்ப்பாளர் துணையோடுதான் பேச முடிந்தது. வெளியிலிருந்து காணக்கூடியதையே பெரிதும் நம்பிய அவருடைய முறைக்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாயிருந்திருக்கலாம். எப்படியாயினும், நோயின் நெடுங்காலப் பதிவு என்னும் அரிய கருவி மருத்துவரின் மேசையில் பிறந்து, நெடுநாள் அங்கேயே தங்கிவிட்டது.

அதே ஆண்டுகளில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நோயாளி ஒருவர் தம் நோயை உள்ளிருந்து எழுதத் தொடங்கியிருந்தார். 1876-இல் பிறந்து யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற கிளிஃபர்ட் பியர்ஸ், 1900-இல் தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்து, அடுத்த மூன்று ஆண்டுகளை மூன்று மனநோய்க் காப்பகங்களில் கழித்தார். முதல் இரண்டு ஆண்டுகள் அவர் கடும் சோர்விலும் ஐயத்திலும் மூழ்கிக் கிடந்தார். சுற்றியிருப்போர் எல்லாம் தம்மைக் கண்காணிக்கும் துப்பறிவோர் என்றும், பார்க்க வரும் அண்ணன்கூட வேடமிட்டு வந்த வேற்றாள் என்றும் அவர் நம்பினார். இந்த நம்பிக்கையை அவர் தாமே சோதித்துப் பார்க்க வகுத்த வழி, மனநோய் வரலாற்றின் வியக்கத்தக்க நிகழ்ச்சிகளுள் ஒன்று. சக நோயாளி ஒருவர் துணையோடு நகர முகவரிப் புத்தகத்தில் அண்ணனின் உண்மையான முகவரியைக் கண்டறிந்த பியர்ஸ், அந்த முகவரிக்கு இரகசியமாக ஒரு கடிதம் அனுப்பினார். அடுத்த முறை வரும்போது இக்கடிதத்தைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். வருபவர் வேற்றாள் என்றால் கடிதம் அவர் கையில் இருக்காது. 1902 ஆகஸ்ட் 30 அன்று வந்த அண்ணன் கடிதத்தை எடுத்துக் காட்டினார், இரண்டு ஆண்டுகளாகக் கட்டியெழுந்திருந்த நம்பிக்கை அக்கணமே சரிந்தது. சோதனையை வகுத்த அறிவும் சோதிக்கப்பட்ட பிழையும் ஒரே மனத்தில் ஒரே வேளையில் குடியிருந்தன என்பதை இதிலிருந்து அறிகிறோம். நோயுற்றவருக்கு நோயுணர்வு உண்டு அல்லது இல்லை என்று இரண்டாகப் பிரித்துப் பேசும் பழக்கம் இந்த ஒரு நிகழ்ச்சியின் முன்னரே நிற்க முடியாமல் போகிறது.

ஆனால் அன்றே வேறொன்றும் தொடங்கியது. மெய்ம்மையைக் கண்ட மகிழ்ச்சி சிறிது நேரத்தில் எழுச்சி நிலையாக மாறியது. பியர்ஸ் ஓயாமல் பேசினார், பொதி சுற்றும் தாளைப் பட்டைகளாக வெட்டி ஒட்டிப் பல அடி நீளக் கடிதங்கள் எழுதினார், மனநோய்க் காப்பகங்களை உலகளவில் சீர்திருத்தப் போவதாக அறிவித்தார். முரட்டு நோயாளிகளை அடைத்து வைக்கும் பகுதிக்கு வேண்டுமென்றே தம்மை மாற்றச் செய்து, அங்கே நடந்த அடி உதைகளையும் கட்டிப்போடுதலையும் நேரில் கண்டும் பட்டும் குறித்து வைத்தார். சோர்வின் மாயையிலிருந்து விடுபட்டது அவருக்குத் தெரிந்தது. எழுச்சிக்குள் நுழைந்தது தெரியவில்லை. ஒரு முனையைப் பற்றிப் பெற்ற அறிவு மறுமுனைக்குத் தானாகவே உதவுவதில்லை என்பதே இந்நோயில் தன்னறிவு சந்திக்கும் தனிச்சிறப்பான இடர்ப்பாடு.

1903-இல் வெளியே வந்த பியர்ஸ் பின்னர் வேலைக்குச் சேர்ந்தார். 1905-இன் தொடக்கத்தில் தம் வரலாற்றை எழுத முற்பட்டபோது பழைய எழுச்சி மீண்டும் தலைகாட்டியது. இம்முறை, குடும்பத்தாரின் கவலைக்குச் செவிசாய்த்து, முன்பு தம்மை அடைத்து வைத்திருந்த காப்பகம் ஒன்றுக்கே அவர் தாமாகச் சென்று சேர்ந்தார். எழுத்து வேலையும் அங்கே தொடர்ந்தது. 1908-இல், தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸின் கடிதத்தை முகவுரையாகக் கொண்டு அந்நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்திலும் மறு ஆண்டு நாடளவிலும் மனநலச் சங்கங்களை அவர் நிறுவினார். எழுச்சியில் பிறந்த திட்டம் என்று ஒதுக்கத்தக்கதாயிருந்த ஒன்று, தெளிந்த காலத்தின் உழைப்பால் நிறைவேறிய அமைப்பாயிற்று. எனினும் நோய் அவரை விட்டு நீங்கவில்லை. 1939-இல் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்த அவர், 1943-இல் அங்கேயே காலமானார்.

நோயுணர்வைக் கருத்தளவில் ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானிய மருத்துவரும் தத்துவ அறிஞருமான கார்ல் யாஸ்பர்ஸ். தன்னிடம் ஏதோ மாறிவிட்டது, தான் நலமாக இல்லை என்ற உணர்வு வேறு, அந்த நோயின் தன்மையையும் அளவையும் சரியாக மதிப்பிடும் அறிவு வேறு என்று 1913-இல் வெளிவந்த தம் நூலில் அவர் பிரித்துக் காட்டினார். 1934-இல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையைச் சேர்ந்த ஆபிரே லூயிஸ் இன்னும் ஒரு படி சென்றார். நோயுணர்வு என்பது தன்னிடம் நேர்ந்த நோய்மாற்றத்தின்பால் கொள்ளும் சரியான மனப்பாங்கு என்று வரையறுத்த அவர், உடனேயே தம் வரையறைக்குள் இருந்த சிக்கலையும் வெளிப்படுத்தினார். நோயாளி தம் மனத்தை வெளியே நின்று பார்ப்பதில்லை; மாறிப்போன அதே மனத்தைக் கொண்டுதான் மாற்றத்தை எடைபோடுகிறார்; எனவே அவருக்குக் கிட்டும் தகவலும் அவர் செய்யும் தீர்ப்பும் மருத்துவருடையவற்றை ஒத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே முறையன்று என்றார் லூயிஸ். இவ்வளவு நுட்பமான இக்கருத்து அடுத்த பல பத்தாண்டுகள் மருத்துவமனைப் பழக்கத்தை அதிகம் மாற்றவில்லை.

மாறாக, நோயுணர்வு மதிப்பெண்ணாயிற்று. 1960-இல் மேக்ஸ் ஹாமில்டன் வகுத்த மனச்சோர்வு அளவுகோலின் 17 கூறுகளில் ஒன்று நோயுணர்வு. 1978-இல் ராபர்ட் யங் முதலியோர் எழுச்சி நிலைக்கென வகுத்த அளவுகோலின் 11 கூறுகளில் இறுதியானது அதுவே. இரண்டிலும் மருத்துவர் கேட்கிறார், மருத்துவரே எண் இடுகிறார். யங்கின் அளவுகோலில், நோயை ஏற்றுச் சிகிச்சை தேவை என்றும் ஒப்புக்கொள்பவருக்குச் சுழியம். தம் நடத்தையில் மாற்றமே இல்லை என்பவருக்கு உச்ச எண். நோயின் கடுமையை விரைந்து அளக்க இவை உதவின என்பதில் ஐயமில்லை. ஆனால், தன்னை அறிதலும் மருத்துவரோடு உடன்படுதலும் ஒரே தட்டில் வைக்கப்பட்டுவிட்டன. 1990-இல் ஆந்தனி டேவிட் நோயுணர்வை, நோய் உண்டென அறிதல், விந்தையான அனுபவங்களை நோயின் விளைவென இனங்காணுதல், சிகிச்சைக்கு இசைதல் என மூன்றாகப் பகுத்தபோது, இவை சேர்ந்தும் வரலாம், பிரிந்தும் வரலாம் என்பது தெளிவாயிற்று.

இதற்கிடையே லித்தியம் வந்திருந்தது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், பந்தூராவில் இருந்த மருத்துவமனையில் எழுச்சி நிலையிலிருந்த பத்துப் பேருக்கு இந்த எளிய உப்பைக் கொடுத்துக் கண்ட பயனை 1949-இல் வெளியிட்டார். அவர்களுள் முதலாமவர், ஐந்து ஆண்டுகளாக எழுச்சி தணியாதிருந்த 51 வயதினர், சில மாதங்களில் வீடு திரும்பி, மருந்தை விட்டுவிட்டு, மீண்டும் நோயுற்று வந்து சேர்ந்தார். பிறகு அம்மருந்தின் நச்சு விளைவாலேயே இறந்தார். குருதியில் மருந்தின் அளவை அளந்து கொடுக்கும் முறை இன்னும் நிலைபெறாத காலம் அது. டென்மார்க்கின் மோகன்ஸ் ஸ்கோவ் 1950-களிலும் 60-களிலும் செய்த ஆய்வுகள், லித்தியம் நோயைத் தணிப்பதோடு அது திரும்பி வருவதையும் தடுக்கிறது என்று நிறுவின. அவருடைய உடன்பிறந்தவர் ஒருவரும் அம்மருந்தால் நலம் பெற்றவர். தெளிந்த காலம் நீண்டதால், நின்று திரும்பிப் பார்க்கப் பலருக்கு முதன்முறையாக ஓர் உறுதியான தரை கிடைத்தது. அதே தரையில் நின்றுதான், நலமாக இருக்கும்போது மருந்து எதற்கு என்ற கேள்வியும் எழுந்தது.

அக்கேள்விக்கு நோயுற்றோரே கூறிய விடைகள் ஒரே வகையாக இல்லை. பெண்ணிய எழுத்தாளர் கேட் மில்லட், 1973-இல் தம் விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் லித்தியம் உண்டு, 1980-இல் அதனை நிறுத்தினார். 1990-இல் வெளியிட்ட நூலில், ஒருமுறை நோய்ப்பெயர் சூட்டப்பட்டுவிட்டால் அதன் பின் தாம் கொள்ளும் கோபமும் கருத்து வேறுபாடும்கூட நோய்க்குறியாகவே வாசிக்கப்படுகின்றன என்று அவர் வாதிட்டார். கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் வேறு வழியே வந்தவர். உளவியலாளரான அவர், 1979-இல் லித்தியம் பற்றி நோயாளிகளும் மருத்துவர்களும் கொண்டிருக்கும் கருத்துகள் எங்கே வேறுபடுகின்றன என்பதைச் சக ஆய்வாளரோடு சேர்ந்து ஆராய்ந்து வெளியிட்டார். அந்த நோய் தமக்கே உண்டு என்பதையும், லித்தியத்தைப் பலமுறை நிறுத்தித் துன்புற்று, தற்கொலை முயற்சியிலிருந்து தப்பிய பின்னரே அதனை ஏற்றதையும் 1995-இல்தான் உலகறியச் சொன்னார். மருந்தைப் பற்றிய முடிவில் ஜேமிசனின் வழியே பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது. அதற்காக மில்லட்டின் குறையை நோயின் குரல் என்று தள்ளிவிடலாகாது. உடன்பாட்டை அறிவாகக் கொள்ளும் அளவுகோல் எதை அளக்கத் தவறுகிறது என்பதை அவரைவிடத் தெளிவாகக் காட்டியவர் குறைவு.

குறிப்பேடு கைமாறியது இந்தக் காலகட்டத்தில்தான். நோயாளியின் பிறப்பு முதலான நிகழ்ச்சிகளையும் நோய்களையும் ஆண்டுவாரியாக ஒரே தாளில் பதியும் வாழ்க்கை வரைபடத்தை அமெரிக்காவில் அடால்ஃப் மேயர் முன்பே பரப்பியிருந்தார். அந்த மரபைத் தொடர்ந்து, அமெரிக்க தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தில் ராபர்ட் போஸ்ட், கேப்ரியல் லெவரிச் முதலியோர் இருமுனைக் கோளாறுக்கென ஒரு வரைபட முறையை வகுத்தனர். நடுக்கோடு தெளிந்த நிலை. அதற்கு மேலே எழுச்சி, கீழே சோர்வு. உடன் மருந்து, உறக்க நேரம், வாழ்வில் நேர்ந்த இன்ப துன்பங்கள். கடந்த ஆண்டுகளை மருத்துவரோடு உட்கார்ந்து நினைவிலிருந்து வரைவதோடு, வரும் நாட்களை நோயுற்றவரே ஒவ்வோர் இரவும் குறிப்பதும் அம்முறையில் அடங்கும். எழுச்சியில் இருப்பவரிடம் அவர் நோயுற்றிருக்கிறார் என்று பிறர் சொன்னால் அது வாதமாகிவிடுகிறது. நான்கு நாட்களாக மூன்று மணி நேரமே உறங்கியதை அவரே தம் கையால் எழுதியிருந்தால், அதனை மறுப்பது அவருக்கு அவ்வளவு எளிதாக இருப்பதில்லை. பிரிட்டனில் 1983-இல் நோயுற்றோரும் குடும்பத்தாரும் சேர்ந்து அமைத்த சங்கம், இன்று பைபோலார் யூகே என்ற பெயரில் இயங்குவது, இத்தகைய பயிற்சியை நோயோடு வாழ்வோரே பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் வழக்கத்தைப் பின்னாளில் ஏற்படுத்தியது.

இப்பழக்கத்தின் பயன் ஆய்வாலும் சோதிக்கப்பட்டது. 1999-இல் இங்கிலாந்தில் அலிசன் பெரி முதலியோர் வெளியிட்ட ஆய்வில், 69 பேர் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினருக்கு மட்டும் தத்தம் முன்னறிகுறிகளை இனங்கண்டு, அட்டையில் எழுதி வைத்து, அவை தோன்றியதும் உடனே மருத்துவ உதவி நாடுவதற்கு 7 முதல் 12 அமர்வுகளில் பயிற்சி தரப்பட்டது. ஒவ்வொரு பிரிவிலும் கால்பங்கினருக்கு எழுச்சி திரும்பி வர எடுத்த காலம், பயிற்சி பெறாதோரில் 17 வாரங்கள், பெற்றோரில் 65 வாரங்கள். சோர்வு திரும்பி வருவதை அதே பயிற்சி தள்ளிப்போடவில்லை. இவ்வேறுபாடு எண்ணிப் பார்க்கத்தக்கது. எழுச்சி பெரும்பாலும் உறக்கம் குறைதல் போன்ற கண்கூடான மாற்றங்களோடு வருகிறது. சோர்வோ அன்றாடக் களைப்பினின்று பிரித்தறிய முடியாதபடி மெல்லப் படர்கிறது, படர்ந்த பின் உதவி கேட்கும் விருப்பத்தையே பறித்துவிடுகிறது.

தெளிந்திருக்கும்போது எழுதிய சொல் தெளிவிழந்த காலத்தைக் கட்டுப்படுத்தலாமா என்பது இறுதியில் சட்டத்தின் கேள்வியாகவே திரும்பி வந்தது. பல நாடுகள் இதற்கு வெவ்வேறு விடை தந்துள்ளன. 2018-இல் நடைமுறைக்கு வந்த இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் 5-ஆம் பிரிவில், வயதுவந்த ஒவ்வொருவரும் தமக்கு மனநோய் நேர்ந்தால் எவ்வாறு பராமரிக்கப்பட விரும்புகிறார், எவ்வாறு பராமரிக்கப்பட விரும்பவில்லை, தம் சார்பில் பேசத் தக்கவர் யார் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை அளிக்கிறது. சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறனை அவர் இழக்கும்போது மட்டுமே அது செயலுக்கு வரும். திறன் மீண்டதும் அவர் வாய்ச்சொல்லே மேலானது. அவசரச் சிகிச்சைக்கு அது பொருந்தாது. மருத்துவரோ உறவினரோ அந்த எழுத்தின்படி நடக்க விரும்பவில்லை என்றால், நோயாளிக்கு நோயுணர்வு இல்லை என்று கூறித் தாமே அதனை ஒதுக்கிவிட இயலாது. அதனை மாற்றவோ நீக்கவோ மனநல ஆய்வு வாரியத்திடம் அவர்களே விண்ணப்பிக்க வேண்டும். எழுதியவர் தம் சொந்த விருப்பத்தால், போதிய தகவலோடு, முடிவெடுக்கும் திறனுடன் எழுதினாரா என்பதை வாரியம் ஆராய்ந்து, இரு தரப்பையும் கேட்ட பின்னரே முடிவு செய்யும்.